முப்பது ரூபாய் ஓ ரிங்கும் மூன்று கம்ப்ரசர்களும்

எங்கள் காரில் இப்போது ஓடுவது மூன்றாவது ஏசி கம்ப்ரசர், அதாவது ஏசி கேஸை அழுத்திக் குழாய்க்குள் சுற்றவிடும் பம்ப். முதலாவது வண்டியோடு வந்தது, எட்டு வருடம் உழைத்தது. இரண்டாவது, சென்னை புதுப்பேட்டையில் பேரம் பேசி 4,500 ரூபாய்க்கு நானே தூக்கி வந்த பழைய பீஸ், இரண்டு மாதம்கூட ஓடவில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் அப்படித்தான் என்று வீட்டில் ஒரே அர்ச்சனை. ஆனால் அந்தக் கம்ப்ரசர் நல்ல கம்ப்ரசர்தான், அதைக் கொன்றது நான்.

கதை அதற்கு மூன்று வருடம் முன்பே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு மார்ச் மாதமும் கூலிங் குறையும், பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போவேன், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று ஏற்றிக் கொடுப்பார்கள், மறுபடி ஜில்லென்று ஆகிவிடும். பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோக அது என்ன எரிபொருளா, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற கேஸ் எங்கே போகும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பைப் இணைப்பில் ஓ ரிங், அதாவது கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், இறுகிப்போய்க் கசிந்திருக்கிறது. கேஸ் கசியும்போது கூடவே கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கேஸ் மட்டும் ஏற்றினார்கள், ஆயில் ஊற்றவே இல்லை. காய்ந்துபோய் ஓடிய முதல் கம்ப்ரசர் ஒரு நாள் கரகரவென்று அரைத்து நின்றது.

இரண்டாவதும் போன பிறகுதான் அம்பத்தூரில் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் கம்ப்ரசரைத் தொடவே இல்லை. பைப்பைக் கழற்றி, உள்ளே பனியன் வேஸ்ட் துணியை விரலால் விட்டுச் சுழற்றி வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். கறுத்த ஆயில், அதில் ஜிகினா தூவியது போல மினுமினுவென்று அலுமினியத் தூள். "முதல் கம்ப்ரசர் போனப்பவே இந்தத் தூள் எல்லா இடத்துக்கும் போயிடுச்சு சார். கழுவாம வேற கம்ப்ரசர் மாட்டினா அதுவும் இதைத்தானே குடிக்கும்?"

பைப்புகளையும் கூலிங் காயிலையும் ஃபிளஷ் திரவம் விட்டு, நைட்ரஜன் அடித்துச் சுத்தம் செய்யலாம். கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை முடியாது. இப்போது வருகிற கண்டென்சர்களில் தட்டையான குழாய்க்குள் ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளைகள், அதுவும் பக்கத்தில் பக்கத்தில் பல. நாம் விடும் திரவம் அடைப்பில்லாத துளை வழியாகப் போய்விடும், தூள் அடைத்த துளை அப்படியே இருக்கும். கூலிங் காயிலுக்குள் அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாசலும் அதே போலப் பொடிசு. டிரையர் இன்னும் மோசம், உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள், கழுவுகிற பேச்சே கிடையாது. ஆக, கம்ப்ரசர் உள்ளுக்குள் அரைத்துச் செத்திருந்தால் கண்டென்சர், வால்வு, டிரையர், எல்லா ஓ ரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் வெறும் காந்தக் கிளட்ச்சோ புல்லி பேரிங்கோ போயிருந்தால் இதெல்லாம் தேவையில்லை, அதை மட்டும் தனியாக மாற்றலாம். சத்தம் வந்த உடனே முழுக் கம்ப்ரசரும் மாற்றச் சொல்கிறவரிடம், அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று எதற்கும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். அண்ணன் கூடவே வந்தார், பழைய கம்ப்ரசரையும் கையில் எடுத்துக்கொண்டார். கார் பெயரும் வருடமும் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. ஒரே காரில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், புல்லியில் பள்ளம் எண்ணினால் ஒன்றில் நாலு, இன்னொன்றில் ஆறு. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரையும் பழைய கம்ப்ரசர் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரையும் கொடுத்துத்தான் வாங்கினோம். கார் கம்பெனி டப்பாவில் வாங்கவில்லை. கார் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் தன் சொந்த டப்பாவிலும் விற்கிறார், விலை குறைவு. கையில் வாங்கியதும் வாய் அடைப்பைக் கொஞ்சம் திருகியபோது "புஸ்ஸ்" என்று காற்று வந்தது. ஈரம் உள்ளே நுழையாமல் இருக்க அடைத்து அனுப்பும் கேஸ் அது, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. டிரையரையும் அப்படித்தான், வாய்மூடி இல்லாமல் கடையில் தூசியோடு கிடந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது ஏற்கெனவே சென்னைக் காற்றைக் குடித்து முடித்த டிரையர்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், என் கணக்கு கூலியை வைத்துத்தான். கண்டென்சர் முன்னாலேயே இருக்கிறது, பம்பரைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும், அதில் நடுத்தர பிராண்ட் போட்டேன். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பது, அதை எடுப்பதற்குள் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். என்றாவது அதை மாற்ற நேர்ந்தால் லோக்கல் காயில் பக்கமே போகமாட்டேன். ஓ ரிங்கில் மிச்சம் பிடிப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஹார்டுவேர் கடை ரப்பர் வளையம் அளவில் பொருந்தும், ஆனால் ஏசி கேஸுக்கும் ஆயிலுக்கும் உரிய ரப்பர் வேறு. ஏசிக்கானது பெரும்பாலும் பச்சையாக இருக்கும், நாங்கள் வாங்கியபோது ஒன்று முப்பது ரூபாய்.

ஆயிலிலும் எனக்குத் தெரியாத சங்கதி இருந்தது. ஆர்134ஏ என்ற வகை கேஸ் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற வகை ஆயில், அதிலேயே 46, 100, 150 என்று தடிமன் வேறு வேறு, கம்ப்ரசர் லேபிளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், திறந்து பாதி வைத்த பாட்டிலை அவர் பயன்படுத்துவதில்லை. எலக்ட்ரிக் கார் கம்ப்ரசருக்கு இதை ஊற்றவே கூடாதாம், அங்கே மின்சாரம் கடத்தாத வேறு ஆயில்.

எல்லாம் மாட்டி, நைட்ரஜனில் பிரஷர் போட்டு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் வேக்கும் பம்ப் ஓடவிட்டு, கேஸை மீட்டர் பார்த்து உத்தேசமாக ஏற்றாமல் தராசில் எடை போட்டு ஏற்றினார். எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, எட்டு வருடமாக நான் பார்த்ததில்லை. மொத்தம் 25,000 ரூபாய்க்கு மேல் ஆனது.

வேலை முடிந்ததும் அந்த ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் தேதி, எத்தனை கிராம் கேஸ், எந்த ஆயில், எத்தனை மில்லி என்று எழுதிவைத்தார். போன மார்ச்சில் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஒரு பையன் "சார், ஏசி கேஸ் டாப் அப் பண்ணிடலாமா?" என்று கேட்டான். பானெட்டைத் தூக்கி அதைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, கேபின் ஃபில்டரை மட்டும் தட்டிப் போட்டுக் கொடுத்தான்.