மாமா கொன்ற கரடி

சிம்மக்கல்லில் என் தம்பி நடத்தும் டி.டி.பி. கடைக்கு, வைகாசி முகூர்த்த நெருக்கடியில், யாரோ ஒருவருடைய பென்டிரைவ் வழியாக ஷார்ட்கட் வைரஸ் வந்து சேர்ந்தது. பென்டிரைவில் இருந்த கல்யாணப் பத்திரிகை போல்டர்களெல்லாம் மறைந்து, அதே பெயர்களில் ஒன்றிரண்டு கேபி அளவுள்ள ஷார்ட்கட்டுகள் வரிசையாக நின்றன.

விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், கடையில் காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கினர். சிபியூவைத் திறந்து வெயிலில் காயவைக்கச் சொன்னார் ஒருவர். மதுரை வெயிலுக்கு வைரஸ் சாகுமோ சாகாதோ, மதர்போர்டு தப்பாது. இரண்டு ஆன்டிவைரஸைச் சேர்த்துப் போட்டால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கணினியை நகரவிடாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

எங்கள் மாமாவின் யோசனைதான் உச்சம். “சி டிரைவ்ல சிஸ்டம்32னு ஒண்ணு இருக்கும் பாரு மாப்ளே, ஊர்பேர் தெரியாத பைல் அம்புட்டும் அங்கனதான் ஒளிஞ்சு கிடக்கு. மொத்தமா அழிச்சு விட்ரு.” விண்டோஸ் குடியிருப்பதே அங்கேதான் என்றால் அவர் கேட்பதாக இல்லை. 2002-இல், கரடிப் படம் போட்ட ஒரு பைல் கணினியில் இருந்தால் அது வைரஸ், 14 நாள் பதுங்கியிருந்து எல்லாவற்றையும் நாசம் செய்துவிடும் என்று மின்னஞ்சல் வந்ததாம். தேடிப்பார்த்தால் கரடி இருந்ததாம். தம் கையாலேயே கொன்றாராம்.

தம்பி பதில் பேசாமல், முதலில் கணினியை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் விட்டான். கணினியில் வைரஸ் இருக்கும்போது பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்தால், செருகிய மறுகணமே மறுபடி தொற்றிக்கொள்ளும். பிறகு ஷார்ட்கட்டுகளை அழித்து, கமாண்ட் பிராம்ப்டில் ‘அட்ரிப்’ கட்டளையைக் கொடுத்ததும், அழியாமல் மறைந்து மட்டுமே இருந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

அதன் பிறகுதான் கரடிக் கதைக்கு வந்தான். அந்த மின்னஞ்சலே புரளி; கரடிப் படம் போட்டது விண்டோஸோடு வந்த அசல் பைல். அதன் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தான். 1980-இல் மதுரை மேற்குத் தொகுதியில் எம்.ஜி.ஆருக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டலைந்த மாமா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார்: “ஜே, டி, பி, ஜி... எம், ஜி, ஆர்...”

சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், அந்தக் கணினி பழைய இரும்புக் கடைக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டதை மறந்தவராக, தாழ்ந்த குரலில் கேட்டார்: “ரீசைக்கிள் பின்ல இருந்து இன்னும் எடுக்க முடியுமா மாப்ளே?”