'ஆர்கானிக்' என்ற ஒரு சொல்லும் 57 மதிப்பெண்ணும்: குடிமைப்பணித் தேர்வைத் தமிழில் எழுதுவோருக்கு

இறுதிப் பட்டியலில் என் எண்ணைக் கண்டு இன்றோடு பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. மதிப்பெண்களும் வந்துவிட்டன. விருப்பப் பாடமான சமூகவியலில் இம்முறை 500க்கு 266. சென்ற முறை 209. பொது அறிவுத் தாள்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அந்த 57 மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லை எழுதுவதை நிறுத்திவிட்டேன். அப்படி என்னை வீழ்த்திய சொற்களில் முதன்மையானது 'ஆர்கானிக்'.

நம் நிலைமை உங்களுக்குத் தெரியும். விடையைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கைக்கு வருகிறது. மொழிபெயர்க்கும் வேலை நம்முடையது, அதுவும் ஒரு வினாவுக்கு ஏழெட்டு நிமிடமே இருக்கும் நேரத்தில்.

நான் வேதியியல் பட்டதாரி. 'ஆர்கானிக்' என்று கண்டால் 'கரிம' என்று கை தானாகவே எழுதிவிடும். இரண்டாவது முயற்சியின்போது சமூகவியல் முதல் தாளில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்ஹைமின் 'ஆர்கானிக்' ஒருமைப்பாட்டைப் பற்றிய வினா வந்தது. 'கரிம ஒருமைப்பாடு' என்று எழுதுவது அபத்தம் என்பது உடனே புரிந்தது. கடைத்தெருப் பலகைகளில் 'ஆர்கானிக்' என்பதற்குப் பக்கத்தில் 'இயற்கை' என்று எழுதியிருப்பது நினைவுக்கு வரவே, 'இயற்கை ஒருமைப்பாடு' என்று எழுதினேன். பிழை அந்தச் சொல்லோடு நின்றிருந்தால் ஓரிரு மதிப்பெண்ணோடு போயிருக்கும். ஆனால் 'இயற்கை' என்று எழுதிய மறுகணமே என் விடை கிராமத்துக்குள் நுழைந்துவிட்டது. உறவுமுறை, ஊர்த் திருவிழா, எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை, கட்டுப்பாட்டை மீறியவருக்குத் தண்டனை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 1893இல் டர்க்ஹைம் இவற்றையெல்லாம் வைத்தது இயந்திர ஒருமைப்பாட்டின் கீழ். ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் பிணைந்திருக்கும் சமூகம் அது. அவர் 'ஆர்கானிக்' என்றது அதற்கு நேர்மாறானது: இதயமும் நுரையீரலும் வெவ்வேறு வேலை செய்வதாலேயே ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ முடியாமல் இருப்பதுபோல, வேலைப் பிரிவினையால் வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் சார்ந்து நிற்கும் நவீனச் சமூகம். ஆக, ஒன்றன் பெயரை எழுதி மற்றொன்றை விளக்கி வைத்திருந்தேன்.

இது தேர்வு அறையில் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே விடைகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதி வைத்திருந்தேன். முடிவு வந்து, பட்டியலில் பெயர் இல்லாத நிலையில், அந்தத் தாள்களை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "தம்பி, நீங்கள் எழுதியது கிராமத்தை, கேட்டது நகரத்தை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. தேர்வாணையம் விடைத்தாளைத் திருப்பித் தருவதில்லை. ஆதலால் தேர்வு முடிந்த அன்றே நினைவிலிருந்து எழுதி வையுங்கள். மறுநாள் எழுதினால், எழுதியதை விட்டுவிட்டு எழுத நினைத்ததைத்தான் எழுதுவோம்.

அதன்பின் நான் கைக்கொண்ட வழி ஒன்றுதான். சொல்லைக் கண்டதும் அதன் பொருளைத் தேடுவதில்லை. அந்த இடத்தில் அது எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்க்கிறேன். எதிர்ச்சொல் கிடைத்துவிட்டால் தமிழ்ச் சொல் தானே வரும். மற்ற உத்திகளையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வேதியியலையும் வேளாண்மையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் 'ஓர்கனொன்' என்றால் கருவி. உடலின் கருவிகள் உறுப்புகள் ஆயின. உறுப்புகளைக் கொண்டது உயிரி ஆயிற்று. உயிரியிலிருந்து கிடைக்கும் பொருள்களைப் பற்றிய படிப்புக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயரையே வைத்தார்கள். உயிராற்றல் இல்லாமல் அப்பொருள்களை ஆக்க முடியாது என்ற கருத்து அப்போது வலுவாக இருந்தது. 1828இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை ஆய்வகத்தில் உண்டாக்கிய பிறகு அக்கருத்து மெல்ல மெல்ல விலக, உயிர் என்ற பொருள் கழன்று கரிமம் என்ற பொருள் மட்டும் எஞ்சியது. இங்கே எதிர்ச்சொல் 'கனிம'. ஆகவே 'கரிம' என்பதே சரி.

வேளாண்மையில் அந்தச் சொல் வேறு வழியாக வந்தது. 1940இல் நார்த்போர்ன் பிரபு, பண்ணை முழுவதும் ஓர் உயிரியைப்போல இயங்க வேண்டும் என்ற கருத்தில் அதைப் பயன்படுத்தினார். அங்கே கரிமத்துக்கு இடமே இல்லை. எதிராக நிற்பது செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும். இதன் விளைவு, தேர்வுக்கு மிகப் பயன்படும் ஒரு முரண். யூரியா வேதியியலில் கரிமச் சேர்மம். அங்கக வேளாண்மையில், அதாவது 'ஆர்கானிக்' வேளாண்மையில், விலக்கப்பட்டது. எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியும் கரிமச் சேர்மம். அங்கக வயலில் அதற்கு இடமில்லை. மறுபுறம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை முழுக்கக் கனிமப் பொருள். அங்ககத் தரநிலைகள் அதைக் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கின்றன. 'ஆர்கானிக்' மாநிலமான சிக்கிமைப் பற்றி 2018 முதன்மைத் தேர்வில் கேட்டதுபோன்ற வினா மீண்டும் வந்தால், இந்த முரணை இரண்டு வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வேளாண்மைக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் வெளியிட்ட கொள்கையின் பெயர் 'அங்கக வேளாண்மைக் கொள்கை'. சான்று வழங்கும் துறையும் 'அங்ககச் சான்று' என்றே எழுதுகிறது. மக்கள் வழக்கு 'இயற்கை விவசாயம்'. ஆனால் இடுபொருளே வெளியிலிருந்து வாங்காத முறைக்கு ஒன்றிய அரசு 'இயற்கை வேளாண்மை' என்று தனித் திட்டமே வைத்திருப்பதால், தேர்வில் இரண்டையும் கலக்காதீர்கள். இலங்கைத் தமிழில் இரண்டு துறைக்கும் 'சேதனம்' என்ற ஒரே சொல்: சேதன இரசாயனம், சேதனப் பசளை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அந்நாடு தடை செய்து, அதே ஆண்டிலேயே விலக்கிக்கொண்ட செய்தியை இலங்கை இதழ்களில் படித்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. உணர்வுள்ளது என்ற பொருளுடைய அச்சொல்லில் பழைய உயிராற்றல் கருத்து இன்னும் ஒட்டியிருக்கிறது, அழகான சொல். நம் விடைத்தாளில் மட்டும் வேண்டாம்.

மண் வள அட்டையில் இரண்டு சொற்களும் ஒன்றாக வருகின்றன: 'அங்ககக் கரிமம்'. மண்ணில் சுண்ணாம்பாக இருப்பதும் கரிமம்தான். மட்கிய இலைதழையிலிருந்து வந்ததைப் பிரித்துக் காட்டவே அந்த அடைமொழி. 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. 'ஆர்கானிக்' என்றால் எப்போதும் 'கரிம'தான் என்று பிடிவாதம் பிடித்தால் 'கரிமக் கரிமம்' என்று எழுத வேண்டியிருக்கும்.

கலைச்சொற்களுக்கென நான் வைத்திருந்த குறிப்பேட்டில் 'ஆர்கானிக்'குக்கு இருந்த மற்ற குறிப்புகள்:

சுற்றுச்சூழல்: நிலைத்த கரிம மாசுபடுத்திகள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001, நடைமுறை 2004. எண்டோசல்பான் 2011இல் சேர்க்கப்பட்டது. இங்கே 'இயற்கை' என்று எழுதினால் பொருள் கவிழ்ந்துவிடும்.

விண்வெளி: செவ்வாயில் கரிம மூலக்கூறுகள் (நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி, 2018 ஜூன்). உயிர் இருந்ததற்குச் சான்று அல்ல. முதல்நிலைத் தேர்வுக்கு ஏற்ற பொறி.

மருத்துவம்: எதிர்ச்சொல் 'செயல்பாட்டுக் கோளாறு'. ஆகவே 'உறுப்புச் சிதைவு சார்ந்த நோய்'.

அரசியலமைப்பு: பிரான்சிலும் ஸ்பெயினிலும் சாதாரணச் சட்டத்துக்கு எதிராக நிற்பது, நாடாளுமன்றத்தில் தனி நடைமுறையோடு நிறைவேற வேண்டிய, அரசின் அமைப்பை வகுக்கும் சட்டம். 'அமைப்புச் சட்டம்' என எழுதி, ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

கிராம்சி (இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர்): எதிர்ச்சொல் 'மரபு அறிவாளி'. ஒரு வர்க்கம் தன் வளர்ச்சியோடு தனக்குள்ளிருந்தே உருவாக்கிக்கொள்ளும் அறிவாளி. 'அங்கக அறிவாளி' என்றேன்.

நிறுவனப் பொருளியல்: இன்னொரு நிறுவனத்தை வாங்கி வளர்வதற்கு எதிரானது, 'உள்வளர்ச்சி'.

டர்க்ஹைம்: 'உறுப்புசார் ஒருமைப்பாடு'. எத்தனை நூலில் எத்தனை விதமாக இருந்தாலும் 'இயற்கை' மட்டும் வேண்டாம்.

தேர்வு அறிவிக்கையில் ஒரு சலுகை இருக்கிறது. பலர் படிப்பதே இல்லை. இந்திய மொழியில் விடை எழுதுவோர், கலைச்சொற்களுக்கான ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தரலாம். முதல் முறை எழுதும்போது மட்டும் தருகிறேன். திருத்துபவர் வேறொரு கலைச்சொல்லுக்குப் பழகியவராக இருந்தாலும் நாம் எதைச் சொல்கிறோம் என்பதில் அவருக்கு ஐயம் இராது.

இதைப்போலக் குறிப்பேடு வைப்பது எனக்கு ஒத்துவந்தது. நான் மெதுவாகப் படிப்பவன், ஒரு சொல்லில் அரை நாள் உட்கார்ந்திருப்பேன். வேகமாகப் படிப்பவர்களுக்கு 40 சொற்கள் போதும். என் பட்டியலில் 'ஆர்கானிக்'கை அடுத்து 'கன்சர்வேடிவ்', 'செக்யூலர்', 'கேபிடல்' ஆகியவை அதிகப் பக்கங்களைப் பிடித்தன.

நேர்முகத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தமிழில்தான் பேசினேன். 'அங்கக' என்று ஒருமுறை சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கினார். அதன்பின் 'ஆர்கானிக்' என்றே சொன்னேன். எழுத்தில் தமிழ்ச் சொல், பேச்சில் எது தடங்கலின்றிச் சென்று சேருமோ அது. என் படிவத்தில் தந்தையின் தொழில் விவசாயம் என்று இருந்ததைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், யூரியா 'ஆர்கானிக்'கா என்று கேட்டார். வேதியியலில் ஆம், வயலில் இல்லை என்று தொடங்கி, மேலே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். அப்படியானால் உங்கள் அப்பாவின் வயல் 'ஆர்கானிக்'கா என்று அடுத்த வினா வந்தது. அப்பா யூரியாவை நிறுத்தி ஓராண்டுதான் ஆகிறது. ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 2 ஆண்டுகள். சான்றுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு அப்படிச் சொல்ல இயலாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் என்னை விட்டுவிட்டார்.