காலைத் தும்மலுக்குக் காரணம் தலையணையில் இருக்கலாம்

எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை. வாரக்கணக்கில் இப்படியே நீடித்தால் அது சளியாக இருக்க வாய்ப்பு குறைவு. தூசிப்பூச்சி ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தையில் வாழும் பூச்சி அது. அதன் கழிவிலுள்ள புரதத்தை உடல் எதிரியாக எண்ணி தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது.

விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். குளிர்ந்த நீரில் பூச்சி சாகாது.

மருத்துவர் தரும் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டே நாளில் பலர் நிறுத்திவிடுவதுதான் பெரிய வருத்தம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். மூக்கின் நடுச்சுவரில் மருந்து பட்டால் ரத்தம் கசியலாம். எனவே வலது கையால் இடது துளையிலும், இடது கையால் வலது துளையிலும், வெளிப்புறமாகச் சாய்த்து அடியுங்கள். கூடவே மூச்சு இழுப்பும் திணறலும் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.