நூல் பிடித்து அளந்த தூரம்

இன்று மதியம் மகளை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். நியூயார்க் வரை எங்கும் நிற்காது. 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றதும் அவள் அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பழைய உலக உருண்டையை எடுத்து, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். அது வடதுருவத்துக்குப் பக்கத்திலேயே போகிறது! நாம் ஒரு பக்கம், அவர்கள் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அந்தக் கோட்டின் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர். ஆனால் விமானம் அந்த வழியிலேயே போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் மேலே, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றோடு சேர்ந்து பறக்கிறது. வழி நீளும், நேரம் குறையும். ஆற்றில் தோணி விடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

இவ்வளவு தூரம் நிற்காமல் பறப்பதற்கென்றே ஏர்பஸ் செய்த ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அவ்வளவையும் தூக்க வேண்டும் என்பதால் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது. 2004-இல் நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் (Newark) விமான நிலையத்துக்குத் தொடங்கிய நேரடிச் சேவை 2013-இல் நின்று, 2018-இல் இந்த விமானத்தோடு திரும்ப வந்தது. வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நடுவில் இறங்கி, பெட்டியோடு வேறு விமானம் தேடி அவள் அலைய வேண்டாம்.

இப்போது அங்கே 12 மணி நேரம் பின்னால். அதனால் கிளம்பிய அதே தேதியில், அதே மாலையில் போய் இறங்கிவிடுவாள். நமக்கு அப்போது மறுநாள் காலை. அவள் அம்மா அலாரம் வைத்துவிட்டாள்.