பொண்ணுக்கு 12 ஆனதும் போர்ட்டல் மூடிக்கிச்சு, ரிப்போர்ட் வாங்கின கதை

கலிஃபோர்னியால இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு உதவும்னு எழுதறேன். என் பொண்ணுக்கு தைராய்டு கம்மி, சின்ன வயசுலேர்ந்தே மாத்திரை, அப்பப்போ ரத்தம் குடுத்து டிஎஸ்எச் (தைராய்டு அளவு காட்டற டெஸ்ட்) பாக்கணும், ரிசல்ட்டை ஆஸ்பத்திரி போர்ட்டல்ல, அதாவது ரெக்கார்டு பாக்கற அவங்க வெப்சைட்ல, நான்தான் பாப்பேன். அவ 12வது பர்த்டே முடிஞ்சு லாகின் பண்ணா தடுப்பூசி லிஸ்ட், அப்பாயின்ட்மென்ட் மட்டும் இருக்கு, லேப் ரிசல்ட்டும் டாக்டர் நோட்ஸும் போயே போச்சு. லீவுக்கு சென்னை போறோம், அங்க டாக்டர்கிட்ட காட்ட ரிப்போர்ட் வேணும்.

போன் பண்ணா "ஸ்டேட் லா"ன்னு ஒரே பதில். அது பாதிதான் உண்மை. இங்க 12 வயசுலேர்ந்து கவுன்சலிங், பால்வினை நோய் டெஸ்ட், போதைப் பழக்க சிகிச்சை மாதிரி சிலதுக்குப் பசங்களே சம்மதம் சொல்லிக்கலாம், அந்த ரெக்கார்டை அவங்க ஓகே சொல்லாம நமக்குக் குடுக்க மாட்டாங்க. ஆனா தைராய்டு, ஆஸ்துமா, கை ஒடஞ்சது இதுக்கெல்லாம் ஹிப்பாங்கற மருத்துவத் தகவல் ரகசியம் பத்தின மத்திய சட்டப்படி இன்னமும் பொதுவா அப்பா அம்மாதான் பொறுப்பு, கேக்கற உரிமை இருக்கு. ஒரே விசிட் நோட்ல ரெண்டும் கலந்து கெடக்கும், பிரிக்கறது பெரிய தலைவலி, அதனால எதுக்கு வம்புன்னு போர்ட்டலை மொத்தமா இழுத்து மூடிடறாங்க. சட்டம் எனக்கு சரின்னுதான் படுது, வீட்டுக்குத் தெரிஞ்சுடும்னு பயந்து டாக்டர்கிட்டயே போகாம இருக்கற பசங்க நம்ம சமூகத்துல இல்லையா என்ன. என் வொய்ஃப் இதை ஒத்துக்கல, "பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா"ன்னு இன்னும் பொலம்பல்.

சரி, வேலை முடிஞ்சது எப்படின்னா, போர்ட்டலை விட்டுட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல எழுத்துல கேட்டோம். ஃபார்ம்ல "எல்லா ரெக்கார்டும்"னு போடாதீங்க, உடனே ரிவ்யூக்குப் போயிடும், தைராய்டு லேப் ரிசல்ட், எண்டோக்ரைன் (ஹார்மோன்) டாக்டர் விசிட், எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைன்னு தெளிவா எழுதுங்க. அடுத்து நம்மூர் இனிஷியல் தொல்லை, பொண்ணோட லாஸ்ட் நேம் என் பேரு, என் லாஸ்ட் நேம் எங்கப்பா பேரு, நீ யாரு இவளுக்குன்னு கவுன்டர்ல முழிக்கறாங்க, பர்த் சர்டிஃபிகேட் காப்பி வச்சப்புறம்தான் நகர்ந்துச்சு. 30 நாள் ஆகும்னாங்க, அது ஹிப்பா கணக்கு, இந்த ஸ்டேட் சட்டத்துல காப்பிக்கு 15 நாள்தான்னு மரியாதையா ஒரு மெயில் போட்டேன், அதுக்குள்ள வந்துடுச்சு. பேப்பர் காப்பின்னா பக்கத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல வாங்கக் கூடாது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இதைவிட சுலபமான வழி, பொண்ணுக்கே டீன் அக்கவுன்ட். அடுத்த விசிட்ல நர்ஸ் எங்களை வெளிய உக்கார வச்சுட்டு அவகிட்ட தனியா பேசி செட் பண்ணிக் குடுத்தாங்க. வெளிய வந்தவ "என்ன ரிசல்ட் வேணும்னு சொல்லுப்பா, காட்டறேன், போனைக் கேக்காத"ன்னுட்டா. டிஎஸ்எச் இப்போ அப்படித்தான் பாக்கறேன்.

ஏழாங்கிளாஸ் சேர டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல்) ஊசி ப்ரூஃப் ஸ்கூல்ல கேப்பாங்க, அதுக்கு இந்த அலைச்சல் எதுவும் வேணாம், ஸ்டேட்டோட டிஜிட்டல் வேக்சின் ரெக்கார்ட் சைட்லயே எடுத்துக்கலாம்.