சேலம் ஜில்லாவிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய பெண்ணைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று தகவல்தான் இருக்கும். பாட்டியின் பாட்டி, பெயர் முனியம்மா, ஊர் சேலம். இதை மட்டும் வைத்துக்கொண்டு சேலத்தில் இறங்கி விசாரித்தால் ஒன்றும் கிடைக்காது. முனியம்மாவுக்கு இங்கே பிறப்புச் சான்று தேடிப் பயனில்லை. சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. நிலம் இருந்திருந்தாலும் பட்டா தகப்பன் பேரிலோ புருஷன் பேரிலோதான் இருந்திருக்கும். ஆகவே தேடலை அந்தக் கரையில் தொடங்கி இந்தக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தோட்ட முதலாளிக்கு ஆள் ஒப்படைத்த கணக்கு அங்கே இருக்கிறது. அந்தக் கணக்கில் அவள் இருக்கிறாள்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் அன்று தென்னாப்பிரிக்காவின் ஒரு பிரிட்டிஷ் காலனி. 1911-ல் அங்கே ஒப்பந்தக் கூலி (இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் எழுதித் தோட்ட வேலைக்கு ஆள்) அனுப்புவது நிற்கும்வரை 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக, மீதி கல்கத்தா வழியாக. இறங்கிய ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஒரு எண் போட்டார்கள். புருஷனோடு போயிருந்தாலும் பெண்ணுக்குத் தனி எண் உண்டு. பெயர் பத்து விதமாக எழுதப்படும், ஊர் தப்பாகப் பதியும், வயது குத்துமதிப்பாக இருக்கும். எண் மட்டும் அவளை விட்டுப் போகாது. காப்பாளர் (நேட்டாலில் இந்தியக் கூலிகளைக் கவனிக்க வைத்த அதிகாரி) அலுவலகத்தில் பதிந்த கல்யாணம், பிள்ளை பிறந்த பதிவு, ஒப்பந்தம் முடிந்த சான்று, மூன்று பவுன் வரி கட்டிய ரசீது, எல்லாவற்றிலும் அதே எண் வரும். எனவே உறவினர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஊர்ப்பெயரை அல்ல. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதம் எதுவானாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் நாலு, ஐந்து, ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் கிடைத்தாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். 1860 முதல் 1866 வரை போனவர்கள் 6,445 பேர்தான். அதன்பின் எட்டு வருடம் கப்பல் இல்லை. 1874-ல் மறுபடி தொடங்கியது. அடுத்து வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-ல் சுமார் 19.7 லட்சம், 1881-ல் சுமார் 16 லட்சம். செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்த பள்ளம் அது. அந்த வருடங்களில் இங்கிருந்து ஒரு பெண் தனியாகக் கிளம்பியிருந்தால், கூட்டிப்போக வீட்டில் யாரும் மிஞ்சியிருந்தார்களா என்பதையும் யோசிக்க வேண்டும்.

எண் இல்லையென்றால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பட்டியலை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் வழியாகப் பார்க்கலாம். முனியம்மா என்று ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது. மூனியம்மா, மூனீம்மா, முனிகம்மா, அம்மாவே இல்லாமல் வெறும் முனி, இப்படி எல்லா எழுத்துக் கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். சொன்னவள் தமிழில் சொன்னாள், கேட்டவர் ஆங்கிலத்தில் எழுதினார், நூறு வருடம் கழித்து இன்னொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தார். மூன்று இடத்திலும் எழுத்து நழுவும். பெயரின் முதல் மூன்று எழுத்து, பால், ஜில்லா ஆகிய மூன்றை மட்டும் கொடுத்துத் தேடினால் பிடி கிடைக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வம்சாவளி இணையதளங்களில் சேலம் என்று தேடினால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம்தான் முதலில் கொட்டும். இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய பியூரிட்டன் பெண்களின் பதிவுகள் அவ்வளவு இருக்கின்றன. 1692-ல் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸ் பிறந்தது கிரேட் யார்மத் ஊரில், தகப்பன் வில்லியம் டவுன், உடன்பிறந்தவர்கள் மேரி ஈஸ்டி, சாரா கிளாய்ஸ் என்பதுவரை சொல்ல முடிகிறது. கோயில் ஞானஸ்நானப் பதிவும் நீதிமன்றக் காகிதமும் அங்கே மிஞ்சியதால் வந்த பலன். நம் பெண்ணுக்கு அந்த இரண்டும் இல்லை. தேடும்போது சேலத்தோடு மெட்ராஸ் என்று சேருங்கள். தாலுகா தெரிந்தால் சேலத்தையே விட்டுவிட்டுத் தாலுகாவைப் போடுங்கள்.

பதிவு கிடைத்தபின் அதை எப்படிப் படிப்பது? மாதிரிக்கு ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயர் மூனியம்மா, தகப்பன் சின்னன், வயது 20, பெண், ஜில்லா சேலம், தாலுகா டிரிச்சென்கோட் (அதாவது திருச்செங்கோடு), கிராமம் புல்லிபோலியம், இடது கன்னத்தில் தழும்பு. வயது 20, 25, 30 என்று முழு எண்ணாக இருந்தால் ஐந்து வருடம் முன்னே பின்னே வைத்துக்கொள்ள வேண்டும். தழும்பும் மச்சமும் பச்சை குத்தியதும் ஆளை அடையாளம் காண அன்று எழுதியவை. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்து நிற்கும்போது இன்று நமக்கும் அவைதான் உதவும்.

கவனமாகப் பார்க்க வேண்டியது தகப்பன் பெயர். கல்யாணமான பெண்ணுக்கும் பட்டியலில் தகப்பன் பெயரைத்தான் எழுதினார்கள். புருஷன் யார் என்பது பக்கத்து எண்ணில் இருக்கும். ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எண் போட்டதால், அவளுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து எண்களை எடுத்துப் பார்த்தால் புருஷன், பிள்ளைகள், சில வேளை மாமியார்கூட வரிசையில் தெரிவார்கள். அந்த இருபது வரியையும் முழுசாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாலுகாவிலிருந்து கூட வந்தவர்கள் அதில் இருந்தால், அவர்கள் சொன்ன கிராமப் பெயர் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பெரும்பாலான தேடல்கள் திசை மாறிப் போவது புருஷன் விஷயத்தில்தான். நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. பெண்கள் கிடைக்காமல் கப்பல் தாமதப்பட்டதும் உண்டு. தனியாக வந்த பெண்களும் தனியாக வந்த ஆண்களும் சென்னை டிப்போவில் (கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த முகாமில்) வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கேயே ஜோடி சேர்ந்து புருஷன் பெண்டாட்டியாகக் கப்பலேறியவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் புருஷன் வட ஆற்காடு, அவள் சேலம் என்று இருக்கும். இரண்டு வரிகளிலும் ஜில்லாவையும் தாலுகாவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். பலர் இதைப் பார்ப்பதில்லை. புருஷன் ஊரைக் கண்டுபிடித்துவிட்டுப் பாட்டி ஊரையும் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

குலதெய்வமும் இதே இடத்தில் ஏமாற்றும். நேட்டால் குடும்பங்கள் ஊர்ப்பெயரை மறந்தாலும் குலதெய்வத்தின் பெயரை விடாமல் வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இங்கே கோயிலைத் தேடலாம், சிவராத்திரிக்குப் போனால் பங்காளிகளைப் பார்க்கலாம். ஆனால் அது ஆண் வழியில் வருகிற தெய்வம். கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுத் தெய்வத்துக்குப் போய்விடுகிறாள். நாலு தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் பிறந்த வீட்டை அந்தக் கோயில் காட்டாது. அதற்கு அவள் எண்ணும் அவள் தகப்பன் பெயரும்தான் வழி. குடும்பப் பெயரையும் நம்பிவிடக் கூடாது. கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார் என்பதெல்லாம் சரி. ஆனால் கப்பல் பட்டியலில் வேறு சாதியாகப் பதிந்தவர்களும் பிற்பாடு இந்தப் பட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பக் காலப் பட்டியல்களிலோ தமிழர்கள் பலருக்குச் சாதிக் கட்டத்தில் மலபார் என்று மட்டும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்குப் போய்விடாதீர்கள்.

இனி ஊர். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

அன்றைய சேலம் ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதற்குள் இருந்தன. திருப்பத்தூர் 1911-ல் வட ஆற்காட்டுக்குப் போனது. நாமக்கல் 1910-ல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்து 1929-ல் திரும்பி வந்தது. தர்மபுரி 1965-லும், நாமக்கல் 1997-லும், கிருஷ்ணகிரி 2004-லும் தனி மாவட்டங்களாயின. ஆகவே சேலம் என்ற ஒரு சொல்லை நம்பி ஏற்காடு அடிவாரத்தில் தேடிக்கொண்டிருந்தால், அவள் தளி பக்கத்துக் கன்னடக்காரியாகவோ ஓசூர்த் தெலுங்குக்காரியாகவோ இருந்துவிடலாம். பெயர் எந்த மொழிப் பெயராக ஒலிக்கிறது என்று பாருங்கள்.

எழுத்துக் கூட்டலுக்குச் சில சாவிகள் உண்டு. பாளையம் போலியம் ஆகும். பட்டி புட்டி ஆகும். நாமக்கல் நாம்கல், கிருஷ்ணகிரி கிஸ்ட்னகெரி, ஆத்தூர் ஆட்டூர். மேலே சொன்ன மாதிரி வரியில் புல்லிபோலியம் பள்ளிபாளையமாக இருக்கலாம், புள்ளிபாளையம் என்று எதாவது குக்கிராமமாகவும் இருக்கலாம். ஊகத்தைத் தாளில் எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள். சத்தம் போட்டு வாசித்துப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

ஜில்லா சேலம், தாலுகா சேலம், கிராமம் சேலம் என்று மூன்று கட்டத்திலும் ஒரே பெயர் வந்தால் எழுத்தர் மேற்கொண்டு கேட்கவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் கூட வந்தவர்களின் வரி உதவும். தொடர்ச்சியான எண்களில் ஐந்தாறு பேர் ஒரே வட்டாரத்தைச் சொல்லியிருந்தால் ஆள்பிடித்த மேஸ்திரி அந்தச் சந்தையில் சுற்றியிருக்கிறான்.

ஊர் சரியாக எழுதப்பட்டிருந்தும் கிடைக்காமல் போவதற்கு இங்கே ஒரு காரணம் உண்டு. நம் பக்கத்து ஜனங்கள் ஊர் கேட்டால் வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், குடியிருக்கும் வளவின் (சில வீடுகள் சேர்ந்த சிறு குடியிருப்பின்) பெயரைச் சொல்வார்கள். காட்டுவளவு, மேட்டுக்காடு, தர்மபுரிப் பக்கமானால் இன்னார் கொட்டாய். ஒரே தாலுகாவில் பல காட்டுவளவு இருக்கும். இவை அரசுக் கிராமப் பட்டியலில் வராது. தாலுகா அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ குக்கிராமங்களின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஒரு அங்குலம்-ஒரு மைல் சர்வே வரைபடத்தில் சில வளவுகள் பெயரோடு இருக்கும். மேட்டூர்ப் பக்கமானால் ஊரே இல்லாமலும் போயிருக்கலாம். 1934-ல் அணை முடிந்து நீர் தேங்கியபோது காவிரிக் கரைக் கிராமங்கள் முழுகிப்போயின. தண்ணீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடி அருகே நந்தியும் பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரிவதைச் சேலத்துக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த மக்கள் எங்கே குடி அமர்ந்தார்கள் என்று தேடுவது தனி வேலை.

ஏற்காடு அல்லது சேர்வராயன் மலை என்று பதிவில் வந்தால் உடனே மலையாளிப் பெண் (கேரளத்துக்காரி அல்ல, அந்த மலையின் பழங்குடி) என்று முடிவு கட்டக் கூடாது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு தோட்ட வேலைக்குக் கீழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் மலையேறினார்கள். தோட்டத்தில் இருந்தபோது ஆள்பிடிக்கப்பட்டவள் தோட்டத்தையே ஊராகச் சொல்லியிருப்பாள். மலைக்குடியாக இருந்தால் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்ற மூன்றில் ஒரு பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து ஊர் கவுண்டரிடம் போகலாம்.

கிறிஸ்தவப் பெண் என்று பதிந்திருந்தால் வேலை எளிது. லண்டன் மிஷன் 1827 முதல் சேலத்தில் இருந்தது. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். தகப்பன், தாய், ஞானத்தாய் மூவர் பெயரும் ஒரே வரியில் கிடைக்கும். இந்தக் கரையில் தாயின் பெயர் எழுத்தில் கிடைப்பது அங்கே மட்டும்தான். பங்குத் தந்தையிடம் வருடத்தையும் தகப்பன் பெயரையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பழைய ஏட்டை உங்கள் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

நேட்டாலில் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு முதலாளி என்ற கட்டம்தான் வாசல். மவுண்ட் எட்ஜ்கோம்ப், டோங்காட் என்றால் கரும்பு. கியர்ஸ்னி என்றால் ஹியூலெட்டின் தேயிலை, அங்கே கொழுந்து பறிக்கப் பெண்கள் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருடம். ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒன்று கூடி ஐந்தாம் வருடம் 14. பெண்ணுக்கு அதில் பாதி. 1895-ன் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் சேர்ந்தவள் ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி. மாதம் ஏழு ஷில்லிங்குக்குமேல் பார்த்திராதவளுக்கு மூன்று பவுன் (ஒரு பவுன் 20 ஷில்லிங்) என்பது எட்டு மாதக் கூலிக்கு மேல். 1914-ல் அந்த வரி ஒழியும்வரை வரி பாக்கிக்காக நீதிமன்றம் ஏறியவர்களின் காகிதங்களில் பெண்களின் பெயர்கள் வருகின்றன.

கடைசியாகப் பார்க்க வேண்டியது இறப்பு அறிவிப்பு. சொத்து எதாவது விட்டுப் போனவர்களுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் கோப்பு இருக்கும். அதில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். சொன்னது மகனோ மருமகனோ என்று கையெழுத்தைப் பாருங்கள். மருமகன் சொன்ன மாமியாரின் தகப்பன் பெயரைவிட, அவளே இருபது வயதில் டிப்போவில் சொன்ன பெயருக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவும் கையில் வந்தபின் ஊருக்குப் போகலாம். நேட்டால் என்று கேட்டால் பலருக்குப் புரியாது. கடல் தாண்டிப் போனவர்கள் எல்லோரையும் கண்டிக்குப் போனவர்கள், மோரீசுக்குப் போனவர்கள் என்றே பெரியவர்கள் சொல்வது உண்டு. கண்டி என்றதும் இலங்கை என்று விட்டுவிடாமல் எந்தக் காலம், யாரோடு போனாள் என்று கேளுங்கள். (உண்மையில் இலங்கைக்கே போயிருந்தால் இந்த முறை உதவாது, கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த மேற்பார்வையாளர்) கூட்டிப்போனவர்களுக்கு ஆள்வாரியாக இப்படி ஒரு கப்பல் பட்டியல் இல்லை.) ஆண்களிடம் பங்காளி வரிசையைக் கேளுங்கள், கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை வயசான பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். தகப்பன் பெயர் சின்னன் என்பது மட்டும் ஒத்துப்போனால் போதாது, அந்தப் பெயர் தெருவுக்கு நாலு இருக்கும். தகப்பன் பெயரோடு கூடப்போன அண்ணன், தம்பி, அல்லது அதே கப்பலில் பதிவான இன்னொரு ஊர்க்காரர், இரண்டில் ஒன்றாவது ஒத்துவர வேண்டும். அது கிடைக்கும்வரை உறவு என்று சொல்லாமல் ஊர் என்று மட்டும் சொல்லுங்கள். கப்பல் பட்டியல் வரியின் நகல் ஒன்றைத் தமிழில் எழுதி அந்த ஊரிலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் பக்கத்திலிருந்து யாராவது தேடினால் எண் அவர்களிடமும் இருக்க வேண்டும்.