விலக்கு மனுவும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஓசூர் சிப்காட் பக்கம் பிளாஸ்டிக் கவர் அச்சுக்கு வார்னிஷ் கலக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. நைட்ரோசெல்லுலோஸ் ரெசின், எத்தில் அசிடேட், கூடவே டீநேச்சர்டு எத்தனால், அதாவது குடிக்க முடியாதபடி கசப்புப் பொருள் கலந்த ஸ்பிரிட். ஸ்பிரிட் வாங்கவும் இருப்பு வைக்கவும் லைசென்ஸ் இருக்கிறது. கலந்து முடித்த வார்னிஷுக்கு மட்டும் ஸ்பிரிட் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கேட்டு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்கு மனு போட்டேன். திரும்பி வந்துவிட்டது.

தப்பு என்மேல்தான். ‘ஆல்கஹால் கலந்த வார்னிஷ்’ என்று மொட்டையாக எழுதியிருந்தேன். எந்த ஆல்கஹால்? எத்தனாலா, ஐசோபுரொப்பைலா, மெத்தனாலா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு இப்படி ஒரு தாளில் யார் கையெழுத்துப் போடுவார்? போடவும் கூடாது.

“இது சென்ட்ரல் விஷயம், அப்படி வாதாடுங்க” என்றார் தெரிந்த ஆடிட்டர். அந்த வழி அடைபட்டுவிட்டது. தொழிற்சாலை ஆல்கஹாலும் மாநில அதிகாரத்துக்குள்தான் என்று 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 8:1 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலாக வந்ததே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது அதற்குள். கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கே ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது மனுவில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை சதவீதம், டீநேச்சரன்ட்டின் பெயர், சப்ளையரின் டெஸ்ட் ரிப்போர்ட், எங்கள் பேட்ச் ரெஜிஸ்டரின் நகல் எல்லாம் வைத்தேன். செக்‌ஷனில் இருந்த மேடம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுலருந்து ஸ்பிரிட்ட மட்டும் பிரிச்சு யாராவது குடிச்சிட்டா, சார்?”

கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78-ல். காய்ச்சினால் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. கொண்டுபோன சாம்பிளைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிப் பத்துச் சொட்டு விட்டேன். ரெசின் அந்த நிமிஷமே வெள்ளையாகத் திரிந்து, கெட்ட பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. நெயில் பாலிஷ் வாடை மேசையைச் சுற்றி எழும்பியது. அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எத்தனால் அந்தத் தண்ணியிலதாங்க மேடம் இருக்கு. ஆனா டினாட்டோனியம் கசப்பும் அதுகூடவே இருக்கு, வாயில வைக்க முடியாது” என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஃபைல் மேலே போயிருக்கிறது. சீல் வைத்த சாம்பிள் ஒன்று ஆய்வகத்துக்கு வேண்டுமாம். வியாழக்கிழமை கிருஷ்ணகிரி போகிறேன்.